அண்ணாச்சி காரின் பழைய டேங்க்

அண்ணா,

இன்று காலை எண்ணூர் ரோட்டில் பஸ் நின்றுவிட்டது. கன்டெய்னர் லாரிகள் வழக்கம்போல வரிசைகட்டி நின்றன. ஒரு லாரிக்கு அடியில் டிரைவர் மண்ணெண்ணெய் ஸ்டவ்வைப் பற்றவைத்துக் குழம்பு கொதிக்க வைத்துக்கொண்டிருந்தார். புளி வாசனை ஜன்னல் வழியே வந்தது. மற்றவர்களுக்குப் பசித்திருக்கும். நான் அந்த ஸ்டவ்வையே பார்த்தேன். முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பஸ் நகரும்வரை உன்னையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

சாத்தாங்காட்டு இரும்பு மார்க்கெட்டுக்குப் பின்னால் நம் ஷெட். நீ கார்த் தகரத்தைத் தட்டி ஒட்டும் டிங்கர் வேலை பார்ப்பாய். நான் மூலையில் மெஷின் போட்டு கார் சீட்டுக்கு உறை தைப்பேன். ராயபுரத்தில் மளிகை மொத்த வியாபாரம் செய்த அண்ணாச்சி, தன் அப்பா ஓட்டிய பழைய ஸ்போர்ட்ஸ் காரை நம்மிடம் கொண்டுவந்து விட்டார். இரண்டே பேர் உட்காரும் சிவப்புக் கார். நடுவில் யாரோ அதில் வேறு வண்டியின் பெட்ரோல் டேங்கைப் பொருத்தியிருந்தார்கள். காரின் சொந்த டேங்க் அவர் குடோனில் துருப்பிடித்துக் கிடந்தது; அதையும் கொண்டுவந்து போட்டார்.

"புதுசு வேண்டாம். அப்பா பெட்ரோல் ஊத்துன டேங்க்லா அது. அதேதான் வண்டியில இருக்கணும்" என்றார். அவர் போனதும் நீ அந்தத் தகரத்தைத் தடவியபடியே நின்றாய். எனக்கு அப்போதே பயம் வந்துவிட்டது. கொருக்குப்பேட்டையில் பழைய பெட்ரோல் டிரம்மில் வெல்டிங் வைத்தவருக்குக் கண் போன கதை நமக்குத் தெரியும். காலியான டேங்க்தான் பொல்லாதது, உள்ளே ஆவி நிற்கும் என்று எனக்குச் சொன்னவனே நீதான்.

சலவைச் சோடா போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரால் பலமுறை கழுவினாய். பற்றவைத்து ஒட்டும் இடம் மட்டும் வெளியே தெரிய, மீதியெல்லாம் தண்ணீர் நிரப்பிக்கொண்டாய். நான் மெஷினை விட்டுவிட்டு வெளியே போய் நின்றுகொள்வேன்.

"தண்ணி ரொப்பி வச்சிகீறேன்ல? இன்னாத்துக்கு இப்டி நடுங்கினுகீற?" என்று உள்ளேயிருந்து சிரிப்பாய்.

ஒவ்வொன்றும் பழையபடியே வேண்டும் உனக்கு. டேங்கின் வயிற்றுப் பக்கத்து வரிகளை ஒடுக்கெடுத்து நேராக்கினாய். பெட்ரோல் அளவு காட்ட உள்ளே மிதக்கும் தக்கையைப் புதிதாகச் செதுக்கினாய். டேங்கைத் தாங்கும் பட்டைக்கு அடியில் வைக்கும் கம்பளித் துணியை நான் வெட்டிக் கொடுத்தேன். மூடிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஓட்டை இருந்தது. "இது அப்பால எவனோ போட்டுகீறான்" என்று ஈயம் வைத்து அடைத்தாய்.

டேங்கை மாட்டி வண்டியை ஓட்டிப்பார்க்கக் கிளம்பிய அன்று, "நீ தைச்ச சீட்டு, நீதான் மொதல்ல குந்தணும்" என்று என்னையும் ஏற்றிக்கொண்டாய். டேங்க் நிறையப் பெட்ரோல். உச்சிவெயில். எண்ணூர் ரோட்டில் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டோம்.

"பெட்ரோல் வாசனை வருதுண்ணா."

"அது உன் மூக்குல கீது. வண்டில இல்ல."

மறுபடி சொன்னேன். மறுபடி சிரித்தாய். அதற்குமேல் முடியாமல் கதவைத் திறந்து இறங்கிக் குனிந்து பார்த்தேன். டேங்கின் விளிம்பிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. தார் ரோட்டில் கருப்பாக ஈரம். அடுத்த லாரியின் கீழே ஸ்டவ் எரிந்துகொண்டிருந்தது.

"அண்ணே, ஸ்டவ்வ அணைங்க! பெட்ரோல் ஒழுவுது!"

என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. அந்த டிரைவர் ஈரச் சாக்கை ஸ்டவ்மேல் போட்டு அமுக்கினார். முன்னும் பின்னும் கத்தி மற்றவர்களையும் அணைக்கச் சொன்னார். நீ அதற்குள் காருக்கு அடியில் புகுந்திருந்தாய்.

"அந்தாண்ட போய் நில்லு. போ!"

நான் போகவில்லை. ஒழுக்கை அடைக்க டிரைவரிடம் துணி சோப்பு வாங்கி உன் கையில் கொடுத்தேன். விளிம்பில் அழுத்தித் தேய்த்தாய். கொஞ்சம் குறைந்தது, நிற்கவில்லை. வெளியே வந்து ஈரத்துணியைச் சுற்றி மூடியை மெதுவாகத் திருகினாய். புஸ்ஸென்று காற்று சீறியது. உன் முகத்தில் ரத்தமே இல்லை. ஆனால் சொட்டுவது நின்றுவிட்டது.

டிரைவர்கள் சேர்ந்து தள்ளி, வண்டியைக் கடற்கரை ஓரத்து மணலில் விட்டோம். நீ ஈயம் வைத்த இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு வந்து பாறைமேல் உட்கார்ந்தாய். பிறகு சொன்னாய்:

"அந்த ஓட்ட கம்பெனிக்காரன் போட்டதுதான். காத்து போற வழி. அத்த போய் அடச்சிட்டேன். வெயில்ல உள்ள பொங்கி, ஒட்டு வுட்டுகீது."

ஷெட்டுக்குத் திரும்பி, விட்டுப்போன ஒட்டைச் சரிசெய்து, அந்த ஈயத்தை எடுத்தாய். ஓட்டையின் உதடு கம்பெனியில் மடித்ததுபோல் சீராக மடிந்திருந்ததை அப்போதுதான் கவனித்தோம். காற்று போக அதில் மெல்லிய குழாய் வைத்துக் கீழே இறக்கினாய். அண்ணாச்சி வந்து மூடியைத் திருகி, அதன்மேல் இரண்டு தட்டு தட்டினார். "அப்பா இப்படித்தான் தட்டுவாவ" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதற்குப் பிறகு என் பயத்தைப் பார்த்து நீ சிரித்ததே இல்லை. வேலை முடிந்த எந்த வண்டியையும் வெளியே எடுக்குமுன், "ஒரு தபா சுத்திப் பாத்துட்டு சொல்லு" என்று கூப்பிடுவாய். நான் தலையாட்டினால்தான் சாவியைத் தொடுவாய்.

போன வருஷம் ஒரு காலை, தோளைப் பிடித்தபடி வாசலில் உட்கார்ந்திருந்தாய். வாயுப் பிடிப்பு என்றாய். உன் நெற்றி வேர்வையைப் பார்த்து, "ஆஸ்பத்திரிக்குப் போலாண்ணா" என்றேன். மறுபேச்சு பேசாமல் சட்டையை மாட்டினாய். ஆட்டோவில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ சொன்னா சர்தான்" என்றாய். அங்கே எல்லாம் செய்தார்கள். இருந்தும் நீ திரும்பவில்லை.

நான் பயப்படுகிறவள்தான், இன்னமும். பிள்ளைகள் வர நேரமானால், யாராவது இருமினால், கெட்டதுதான் முதலில் தோன்றும். ஆனால் அதை வாய்க்குள் வைத்துக்கொள்வதில்லை. மனதில் பட்டதும் சொல்லிவிடுகிறேன். சிலர் கேட்கிறார்கள், சிலர் கேட்பதில்லை. நீ சட்டையை மாட்டிக்கொண்டு கூடவே வந்தாய். அது போதும் எனக்கு.

உன் தங்கச்சி