நீ அனுப்பிய லெசிதின் குளிசைகள்

சாய்ந்தமருது

அன்பு மகள் நஸ்லினுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்ஹம்துலில்லாஹ், இங்கே எல்லோரும் உண்டு உறங்கி எழும்பி நடமாடுகிறோம். நீயும் மருமகன் ஜவாதும் பேத்தி ஹப்ஸாவும் அந்த மெல்பேர்ண் குளிரில் சுகமாக இருக்க வேண்டும் என்று அல்லாஹ்விடம் கேட்டபடி வாப்பா எழுதுகிறேன். தினமும் போனில் முகம் பார்த்துக் கதைக்கிற காலத்தில் இந்த மனிசனுக்குக் கடிதம் எதற்கு என்று சிரிப்பாய். நீ போனில் வரும்போதெல்லாம் உம்மா என் தோளை உரசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், அவர் காதில் விழக் கூடாத கதை இது. அதனால்தான் உங்கள் ஊருக்குத் திரும்புகிற றிபாத்தின் கையில் இதைக் கொடுத்து விடுகிறேன். அவர் பெட்டியைத் திறக்கும் வரை பொறுக்காமல், வந்து இறங்கிய அன்றைக்கே போய் வாங்கிவிடு.

சவளக்கடை வயலில் நமது சிறுபோக வேளாண்மை பரவாயில்லை, வாய்க்காலில் தண்ணீர் வருகிறது, இந்த முறை மயில்தான் பெரிய தொல்லை. உன் தங்கச்சி ஸப்னாவின் சின்னவள் நடக்கத் தொடங்கி வீட்டில் ஒரு சாமானை வைத்த இடத்தில் இருக்க விடுவதில்லை. அவளால் ஒரு வசதியும் இருந்தது. அலுமாரித் திறப்பைக் காணவில்லை, உம்மாவின் மூக்குக்கண்ணாடி அரிசி வாளிக்குள் கிடந்தது, பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்தது, எல்லாப் பழியையும் அந்தக் குழந்தையின் தலையில் போட்டுவிட்டு நாங்கள் நிம்மதியாக இருந்தோம். பால் அடுப்பு அவளுக்கு எட்டாது என்று தெரிந்துகொண்டே போட்டோம்.

உம்மாவின் மறதிக்கு நல்லது என்று நீ அந்த லெசிதின் குளிசைப் போத்தல்களை அனுப்பினாய். மாட்டுக் கொழுப்பா வேறு கொழுப்பா என்று உம்மா கேட்பார் என்று தெரிந்து, ஹலால் முத்திரை உள்ளதாகத் தேடி எடுத்திருந்தாய், அந்தப் பொன் நிறத்தைப் பார்த்து நானும் ஆசைப்பட்டேன். போத்தல் மளமளவென்று முடிந்தது. நீ போனில் கேட்டபோது உம்மா, "ஓம் மகள், ஒழுங்காக் குடிக்கிறன், இப்ப ஒண்டும் மறக்கிறல்ல" என்று சொன்னது உனக்கு நினைவிருக்கும். நீ சந்தோஷப்பட்டு இன்னும் இரண்டு அனுப்பினாய். அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க வேண்டியிருக்கிறதே என்றுதான் இவ்வளவு நாள் பேனாவை எடுக்காமல் இருந்தேன்.

போன மாதம் ஒரு நாள் உம்மா பகல் படுத்திருந்த நேரம் பக்கத்து வீட்டு மர்ஷூதா ஒரு ஜாம் போத்தலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு வந்தாள். உள்ளே நிறைய உன் குளிசைகள். வெளிநாட்டிலிருந்து சாமான் வந்தால் அயலுக்குப் பங்கு கொடுக்காமல் உம்மா தின்னமாட்டார் என்பது உனக்குத் தெரியும், சொக்லேட்டுக்குச் செய்வதை இதற்கும் செய்திருக்கிறார். மர்ஷூதா சொன்னது இதுதான்: "காக்கா, கோவிச்சிக்கிடாதீங்க, நான் கேட்டு வாங்கல்ல. நான் இஞ்ச வரக்குள்ள எல்லாம் றாத்தா 'மகள் அனுப்பின' எண்டு கையில வெச்சி அமத்துறா. காலயில தந்தது பின்னேரம் அவக்கு நெனவில்ல. வேணாமெண்டா மொகம் வாடுது, அதான் வாங்கி வாங்கி வெச்ச." சொல்லிவிட்டு அவள் அழுதாள். ஊரில் ஒருவரிடமும் வாய் திறக்காமல் இத்தனை நாளும் எங்கள் மானத்தை அந்தப் போத்தலுக்குள் மூடி வைத்திருந்தவள் அவள். நான் அவளுக்கு ஒரு நன்றி கூடச் சொல்லவில்லை மகள்.

அதன் பிறகுதான் நான் உம்மாவை ஒழுங்காகக் கவனித்தேன். தொழுகையில் எத்தனை றக்அத் ஆனது என்று தெரியாமல் நடுவில் நின்று என்னைத் திரும்பிப் பார்க்கிறார். இப்போது பள்ளிவாசலுக்குப் போகாமல் வீட்டிலேயே நான் முன்னால் நின்று தொழுவிக்கிறேன், நான் குனிந்தால் அவர் குனிகிறார், அதில் பிழை வராது. ஜமாஅத்தில் காணவில்லையே என்று றஸாக் மச்சான் கேட்டார், முழங்கால் வலி என்று சொல்லி வைத்தேன். எனக்கு பிரஷர் பார்க்கப் போகிறோம் என்று ஏமாற்றித்தான் உம்மாவை டொக்டரிடம் கூட்டிப் போனேன், உள்ளே போனதும் அவரை முதலில் உட்கார வைத்துவிட்டார்கள். மறதி நோய் தொடங்கியிருக்கிறது என்று அந்த டொக்டர் பிள்ளை மெதுவாகச் சொன்னாள். மருந்து தந்திருக்கிறாள், ஸப்னா அதை உம்மாவின் கையில் வைத்து, விழுங்கும் வரை பார்த்து நிற்கிறாள்.

உன் குளிசையையும் காட்டினேன். அது கெட்ட சாமான் இல்லையாம், முட்டை மஞ்சளிலும் சோயாவிலும் இருக்கிற சத்துத்தானாம், மூளைக்கு வேண்டிய ஏதோ ஒன்று அதில் உண்டாம். ஆனால் இந்த நோயை அது திருப்பும் என்று எதிர்பார்க்க வேண்டாம், சாப்பாட்டிலேயே முட்டை கொடுங்கள் போதும் என்றாள். ஆகையால் ஒழுங்காகக் குடித்திருந்தால் உம்மா சுகமாகியிருப்பாரே என்று நீ மனதைப் போட்டு உடைக்காதே. தூரத்தில் இருக்கிற பிள்ளை அனுப்பத்தானே முடியும், நீ ஆசையோடுதான் அனுப்பினாய், அது எனக்குத் தெரியும்.

இப்போது தினமும் பகல் சோற்றோடு நானே முட்டை அவித்து உரித்து வைக்கிறேன். உம்மா வெள்ளையை மட்டும் தின்றுவிட்டு மஞ்சளைச் சின்னப் பீங்கானில் எடுத்து மூடி வைக்கிறார். ஏன் என்று கேட்டேன். "நஸ்லின் பள்ளிக்கூடம் உட்டு வந்தா மஞ்சள்தான் கேப்பா" என்றார். காலையில் உன்னோடு போனில் தெளிவாகக் கதைக்கிற அதே மனிசி, பின்னேரம் அஸர் தொழுகை நேரமானால் வாசலைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார். அவர் முகம் கழுவப் போகிற நேரம் நான் அதை எடுத்துத் தின்றுவிட்டு, நஸ்லின் வந்து சாப்பிட்டுவிட்டு ஓதப் போய்விட்டாள் என்று சொல்கிறேன். அப்போதுதான் உள்ளே வந்து படுப்பார்.

அடுத்த வருஷம் நோன்புப் பெருநாளுக்கு வருவதாகச் சொல்கிறாய். அவ்வளவு காலம் வேண்டாம். ஹப்ஸாவுக்கு செப்டெம்பரில் பள்ளி விடுமுறை வரும்தானே, மருமகனுக்கு லீவு கிடைக்காவிட்டால் பிள்ளையோடு நீ மட்டுமாவது வா. நான் உன்னிடம் இது கொண்டா அது கொண்டா என்று கேட்டவன் இல்லை. இதைக் கேட்கிறேன்.

அல்லாஹ் உன் பயணத்தை லேசாக்கி, உங்கள் மூவருக்கும் நீண்ட ஆயுளையும் ஈமானையும் தரட்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, வருகிற திகதியை உம்மாவிடம் போனில் சொல்லாதே. சொன்னால் அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் இன்றைக்குத்தான் என்று வாசலில் நிற்பார். பேசாமல் ஓர் அஸர் நேரம் வந்து இறங்கு. அவர் மூடி வைத்திருப்பதை எடுத்துத் தின்னு.

துஆவுடன்,
உன் வாப்பா
முகம்மது தம்பி