மிளகிக்கு உலர்தீனி வேண்டி விடுத்த ஓலை

மழை மாதம் தவறாது பொழிக. ஏரிகள் கரை உடையாது நிறைக. வெண்கோட்டுப் பெருநாட்டின் மூன்று மலைக்கும் ஏழு ஏரிக்கும் உடையவரும், யானைமேல் அமர்ந்து நான்கு போர் கண்டவரும், அவற்றுள் மூன்றில் வென்றவருமாகிய கோவிறலரையர், உப்பங்கழி நாட்டின் தலைவரும், அலைவாய்த் துறையின் காவலரும், நம் இளமைத் தோழருமாகிய ஓதநம்பியார்க்கு விடுக்கும் ஓலை. உம் துறையில் வலைகள் நிறைக. போன படகுகள் அத்தனையும் திரும்புக. உம் மனையார் நோயின்றி வாழ்க. நாம் நலம். அரச ஓலையில் அப்படித்தான் எழுத வேண்டும் என்று எழுதுகிற ஓலைநாயகம் சொல்கிறார். ஆகவே நலம்.

எல்லைக்கல் குறித்தும் துறைமுகம் குறித்தும் நம் அமைச்சர்கள் உமக்குப் பதினோர் ஆண்டுகளாக ஓலை விடுத்திருக்கிறார்கள். நாமே சொல்லி எழுதுவிப்பது இதுவே முதல். இத்தனை ஆண்டு வாய் திறவாதிருந்தவன் இப்போது என்ன பெரிய செய்தி சொல்லப் போகிறான் என்று நீர் எண்ணுவீர். படையெடுப்பு இல்லை. மணவினையும் இல்லை. ஒரு பூனைக்கு உலர்தீனி வேண்டும். சிரிப்பதானால் இங்கேயே சிரித்து முடித்துவிட்டு மேலே படியும்.

பூனையின் பெயர் மிளகி. சாம்பல் நிற உடம்பு. மூக்கின்மேல் மிளகளவு ஒரு கரும்புள்ளி. உமக்கும் அவளைத் தெரியும். எப்படித் தெரியும் என்பதைப் பின்னர்ச் சொல்வோம். வெண்கோட்டு அரசர் உண்பதை மனிதக் கண் எதுவும் காணலாகாது என்பது எம் குலவழக்கம். முன்னோர் ஒருவருக்கு விருந்தில் நஞ்சு வைத்தார்களாம். அன்றுமுதல் அரசர் திரைக்குள் அமர்ந்து தனியே உண்ண வேண்டும். பூனையின் கண் மனிதக் கண்ணா என்று அவையோர் மூன்று நாள் வாதாடி, அன்று என்று தீர்த்தார்கள். எனவே பதினோர் ஆண்டுகளாக நம் இலைக்கு எதிரே அமர்ந்து உண்ட உயிர் மிளகி ஒருத்திதான். நம் இலையில் கிடந்ததே அவளுக்கும் உணவாயிற்று. நெய்ச்சோறு, பால்சோறு, திருநாளில் பாயசம்.

சென்ற வேனிலில் அவள் இளைக்கத் தொடங்கினாள். முதுகெலும்பு விரலில் தட்டிற்று. அரியணைமேல் ஒரே தாவலில் ஏறுபவள் அதன் படியிலேயே அமர்ந்துவிட்டாள். அரண்மனை வைத்தியர் அவளை மடியில் வைத்துப் பார்த்து, பூனை ஊன் உண்ணப் பிறந்த உயிர் என்றும், மீனும் கோழியும் முட்டையுமே அதன் தசைக்கு வலிமை என்றும், நெய்ச்சோறு வயிற்றை நிரப்புமேயன்றி உடம்பைத் தாங்காது என்றும், முதிர்ந்த பூனைக்கு ஊன்சத்து முன்னிலும் மிகுதியாக வேண்டும் என்றும் உரைத்தார். பதினோர் ஆண்டு அன்பு என்று எண்ணிப் பட்டினி போட்டிருக்கிறோம். அதைக் கேட்ட அன்று நாம் அவைக்குச் செல்லவில்லை.

எம் மடைப்பள்ளியில் ஊன் சமைக்கும் வழக்கமில்லை. உம் கடலிலிருந்து எம் மலைக்கு நான்கு நாள் வழி. பச்சை மீன் வந்து சேரும்போது அதை மீன் என்று சொல்லவே துணிவு வேண்டும். ஆகவே ஊனை உலர்த்திப் பொடித்து உருட்டிய முதல்தரமான தீனி செய்ய வல்லார் கொண்டுவருக என்று நாடெங்கும் உம் எல்லைவரை முரசறைவித்தோம். மூன்று பேருடைய தீனி வந்தது. அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதில்தான் நாங்கள் செய்த மடமை இருக்கிறது. வெண்கோட்டாரைத் தவிர வேறெவரும் அதைச் செய்திருக்க மாட்டார்கள்.

எம் அரண்மனையில் எவ்வுயிர் உண்ணும் உணவையும் முதலில் சுவைநாயகம் பொன்னடிசிலார் வாயிலிட்டுப் பார்த்துத் தக்கது என்று சொல்ல வேண்டும். யானைக் கவளத்தையும் அவர் சுவைக்கிறார்; குதிரைக் கொள்ளையும் சுவைக்கிறார். நல்ல மனிதர், எழுபது வயதிலும் பல் விழாதவர். முதல் வணிகர் அரிசிமாவை நெய்யில் வறுத்து, மீன்தூள் மேலுக்குத் தூவி, மீன் வடிவில் அச்சிட்டு, செப்புப் பெட்டியில் வைத்துக் கொடுத்தார். பொன்னடிசிலார் ஒரு பிடி உண்டு, மிக நன்று என்று சொல்லி, இன்னொரு பிடியும் எடுத்துக்கொண்டார். இரண்டாவது தீனியில் கடலைமாவும் மஞ்சளும் மிளகும் இருந்தன. கொஞ்சம் உப்பு கூட்டினால் நமக்கே பரிமாறலாம் என்றார். மூன்றாவது, பனையோலைப் பொட்டலத்தில் வந்த தவிட்டு நிற உருண்டை. அதை வாயிலிட்ட அளவில் துப்பிவிட்டு, மூன்று முறை வாய் கொப்பளித்து, உப்பில்லை, உறைப்பில்லை, நாற்றம் தாங்கவில்லை, எந்த உயிருக்கும் ஆகாது என்று தீர்ப்புச் சொன்னார். நாமும் செப்புப் பெட்டியின்மேல் முத்திரை வைத்தோம்.

மிளகி அதை முகர்ந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மூன்றாம் நாள் பசி தாங்காமல் நாலு தின்று, அத்தனையும் கக்கினாள். பிறகு ஒன்பது நாள் தண்ணீரன்றி வேறொன்றும் தொடவில்லை. அந்த நாள்களிலும் நண்பகலில் தள்ளாடி நடந்து வந்து, திரைக்குள் நம் இலைக்கு எதிரே அமர்ந்தாள். உண்ணமாட்டாள், பார்த்துக்கொண்டு இருப்பாள். நமக்கும் இறங்கவில்லை. இலை தொடப்படாமல் திரும்பியதும் குழம்பில் என்ன குறை என்று மடைப்பள்ளியில் விசாரணை வைத்தார்கள். சமையற்காரர் இருவர் அழுதார்கள். ஏன் உண்ணவில்லை என்று நம்மிடம் வந்து கேட்டவர் எவருமில்லை. கேட்கும் வழக்கமில்லை.

பத்தாம் நாள் அவளைக் காணவில்லை. பூனை சாகப் போகும்போது ஒதுங்கிவிடும் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். அந்தச் சொல் நினைவுக்கு வந்ததும் முடியும் இல்லாமல் பாதுகையும் இல்லாமல் ஓடினோம். வெண்கோட்டு அரசர் ஓடியதை அன்றுதான் காவலர் முதன்முதலாகக் கண்டார்கள். யானைக்கொட்டிலின் பின்னே, தள்ளுபடியானவற்றைக் கொட்டும் இடத்தில் அவள் இருந்தாள். பனையோலைப் பொட்டலத்தைப் பல்லால் கிழித்து, மூன்றாவது தீனியை மொறுமொறுவென்று தின்றுகொண்டிருந்தாள். அந்தச் சத்தத்தை என்னவென்று எழுதுவது? நாம் அந்தக் குப்பையிலேயே உட்கார்ந்துவிட்டோம்.

அப்போதுதான் பொட்டலத்தின் முடிச்சைக் கண்டோம். மூன்று சுற்றுச் சுற்றி, நடுவில் கொடுத்து, இடப்பக்கம் இழுத்துக் கட்டிய உம் ஊர் முடிச்சு. எட்டு வயதில் அதை நமக்குக் கற்றுக்கொடுத்து, நமக்கு வராதபோது தலையில் குட்டியவர் நீர்.

பொட்டலம் கொண்டுவந்தவர் யார் என்று கேட்டோம். வலம்புரி என்னும் பெண் என்றும், தன் கூடையைத் திருப்பிக் கேட்டு மூன்று வாரமாக வாயிலில் நிற்கிறாள் என்றும், கூடையைத் தர ஆணையிட வேண்டியவர் யார் என்று அதிகாரிகள் இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள் என்றும் சொன்னார்கள். நாமே கூடையை எடுத்துக்கொண்டு போனோம். அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதுக என்று ஓலைநாயகத்துக்கு ஆணையிட்டோம். அவர் இருமினார், ஆயினும் எழுதுகிறார்.

“திங்கப் போறது பூனை, ருசி பாத்தது அந்தப் பெரியவரு. அப்புறம் எப்படிங்க வெளங்கும்?” என்றாள். இன்னும் இருக்கிறதா என்று கேட்டோம். “கொண்டாந்தது அந்தப் பொட்டலம் ஒண்ணுதான். இது எங்க தலைவரு வீட்டுப் பூனைங்களுக்குச் செய்யறது. எட்டு பூனை. அவரு கீழ உக்காந்து சாப்பிடுவாரு, எட்டும் சுத்தி உக்காந்துக்கும். கேக்கறதுன்னா அவருகிட்டயே கேளுங்க” என்றாள். பிறகு, “போகாதேன்னுதான் சொன்னாரு. நம்ம ஊருப் பொருள் எதுவும் அந்தத் திரையைத் தாண்டி உள்ள போகாது வலம்புரின்னாரு. பூனை பட்டினின்னு முரசு அடிச்சாங்களே, மனசு கேக்கல, வந்துட்டேன்” என்றாள். கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நம்மை ஏற இறங்கப் பார்த்து, “நீங்களும் எளைச்சுத்தான் போயிருக்கீங்க” என்றும் சொன்னாள்.

ஓதநம்பியாரே, ஒரு பொருள் உள்ளே வந்தது. நாம் முடிசூடிய அன்று நண்பகலில், அதுவரை ஒரே இலையில் உண்ட வழக்கப்படியே, நீர் கையில் ஒரு கூடையோடு வந்தீர். காவலர் கோல்களைக் குறுக்கே நீட்டினர். திரைக்கு வெளியே நின்று எப்போதும் கேட்கும் அந்த ஒன்றை நீர் கேட்டீர். திரைக்குள் இருந்த நமக்கு நன்றாகக் கேட்டது. அமைச்சர்கள் சூழ நின்றிருந்தார்கள், முடி புதிது, என்ன சொல்வார்களோ என்று அஞ்சி வாய் திறவாது இருந்தோம். நீர் கூடையைக் கீழே வைத்துவிட்டு நடந்து போன ஒலியும் கேட்டது. சிறிது நேரத்தில் திரையின் அடியில் ஒரு சாம்பல் நிறக் குட்டி நுழைந்து, நேரே நம் இலைக்கு வந்து, நெய்ச்சோற்றில் வாய் வைத்தது. அவள்தான் மிளகி. அன்று வாய் திறவாதது நம் பிழை. நான்கு போரில் தோற்ற ஒன்று எது என்று புலவர்கள் கேட்பதில்லை. கேட்டால் அந்த நண்பகலைச் சொல்வோம்.

பொட்டலத்தில் மிஞ்சிய தீனி, வேளைக்கு ஒரு பிடியாகப் பதினோரு நாளைக்கு வரும். ஓலை உம்மிடம் சேர நான்கு நாள், தீனி இங்கு வந்து சேர நான்கு நாள். இடையில் மூன்று நாள்தான் உமக்கு. மீன் முதற்பொருளாக இருக்க வேண்டும் என்றும், மாவு பிசைவதற்கு மட்டும் போதும் என்றும், உப்பும் மஞ்சளும் நெய்யும் ஆகா என்றும், உலர்தீனி தின்னும் பூனைக்கு அருகில் எந்நேரமும் தண்ணீர் இருக்க வேண்டும் என்றும் வைத்தியர் எழுதச் சொன்னார். உமக்குப் போய் இதைச் சொல்கிறோமே! பொன்னடிசிலார் இனி பூனைத்தீனியைச் சுவைக்க வேண்டியதில்லை என்று ஆணையிட்டுவிட்டோம். அவர் நம் காலைத் தொட்டு நன்றி சொன்னார்.

இவ்வோலையை வலம்புரியே கொண்டுவருகிறாள். ஓலையைச் சுற்றியுள்ள பட்டுச் சீலை எதுவென்று உமக்குத் தெரியும். பதினோர் ஆண்டு நமக்கும் உலகுக்கும் நடுவே தொங்கியது அதுதான். இன்று காலை நம் கையாலேயே கழற்றினோம். அவையோர் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள், நன்றாக வாதாடட்டும். மிளகியின் தீனியை அச்சீலையிலேயே முடிந்து, வேறெவர் கையிலும் கொடாது, நீரே கொண்டுவர வேண்டியது. வந்த நண்பகலில் நம் இலைக்கு எதிரே உமக்கும் இலை போடப்படும். வேண்டுகோள் என்று எழுதினால் அரச ஓலை ஆகாதாம். ஆகவே இது ஆணை.

நம் ஆட்சியாண்டு பதினொன்றில், கார்கால வளர்பிறை ஏழாம் நாள், வெண்கோட்டு மாளிகையில் எழுதி யானை முத்திரை இடப்பட்டது. மலை நிற்குமளவும் இச்சொல் நிற்க.

ஓலைநாயகம் எழுத்தாணியை வைத்துவிட்டுப் போன பின் நம் கையால் எழுதியது:

ஓதா, “விறலா, சாப்பாடு ஆச்சா?” என்று அன்று கேட்டாயே. இன்னும் ஆகவில்லை. வா.