வலி நின்றதென்று படகைவிட்டு இறங்கியவருக்கு

என்னங்க,

காட்டிலாகா வேலை முடிந்து, செருப்பைக் கழற்றும்போதே காப்பி கேட்கிற உங்கள் குரல் இல்லாமல் இந்த அந்தமான் ஊர், ரங்கத், பழகிவிட்டது என்று எழுதினால் அது பொய். பழகவில்லை.

இப்போது மறுபடியும் உலகமெல்லாம் ஃப்ளூவாம். உங்களை இழந்த வருஷத்தைப் போலவே, ஆஸ்பத்திரி இருக்கும் போர்ட் பிளேயருக்குப் போகிற படகில் ஜுரக்காரர்களை ஏற்றுவதில்லை. படகு ஏறும் ஜெட்டியில் நெற்றியைத் தொட்டுப் பார்த்துத்தான் விடுகிறார்கள்.

அன்று உங்களுக்கு வயிற்றுவலி, கூடவே ஜுரம். ஊரே செய்ததைத்தான் நாமும் செய்தோம். நெற்றி சுடாமலிருக்க ஜுர மாத்திரையை விழுங்கிவிட்டு வரிசையில் நின்றீர்கள். ஏற்றியும் விட்டார்கள். உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில், படகு கிளம்பும் முன்பே, உங்கள் முகம் தெளிந்துவிட்டது.

"வலி விட்டுருச்சு புள்ள. ஃப்ளூ கெடக்குற ஆஸ்பத்திரிக்குப் போயி எதுக்குச் சீக்க வாங்கிட்டு வரணும்?" என்று இறங்கிவிட்டீர்கள். எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. வீடு வரும்வரை என் அழுமூஞ்சியைக் கேலி செய்துகொண்டே நடந்தீர்கள்.

அடுத்த படகு வருவதற்குள் வயிறு பலகைபோல் இறுகிவிட்டது. குடல்வால் வெடித்தால் வலி கொஞ்ச நேரம் அடங்கும் என்று பிறகு ஒரு டாக்டரம்மா சொன்னார். நமக்கு யார் சொன்னார்கள் அதை?

போன வாரம் பக்கத்து வீட்டு வங்காளிப் பெண் மாலதிக்கு அதே வலி, அதே ஜுரம். படகு நாளன்று காலையில் அவள் புருஷன் சிரித்துக்கொண்டே வந்து, "டீக் ஹோ கயா, தீதி" என்றான். சரியாகிவிட்டது அக்கா என்கிறான், வலி போய்விட்டதாம்.

எனக்குத் தெரிந்த இந்தியிலெல்லாம் அவனைத் திட்டி, அவளைத் தூக்கிவரச் செய்தேன். மாத்திரை கொடுக்க விடவில்லை. ஜெட்டியில் ஜுரத்தை மறைக்கவும் இல்லை. இது ஃப்ளூ இல்லை, வயிறு என்று கெஞ்சினேன். நெற்றி தொட்டுப் பார்ப்பவரும் பாவம், பயந்த மனிதர். அவர் வீட்டிலும் ஆட்கள் படுக்கையில். கடைசியில் மனசு இளகிப் பின்தளத்தில் தனியாக உட்காரச் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் பாதி நர்ஸுகள் ஜுரத்தில் கிடந்தார்கள். சர்ஜனே ஸ்ட்ரெச்சரின் ஒரு முனையைப் பிடித்தார். வெடித்துத்தான் இருந்தது. கழுவித் தைத்தார்கள்.

கண் விழித்ததும் மாலதி என் கையைப் பிடித்துக்கொண்டு, வலிக்கிறது தீதி, வலிக்கிறது என்று அழுதாள். அதைக் கேட்டு நான் சந்தோஷத்தில் அழுதேன். உங்களுக்கும் அப்படி ஒருநாள் வலித்திருக்கக் கூடாதா?

இந்த ஃப்ளூ அடங்கும்வரை படகு நாளெல்லாம் ஜெட்டிக்குப் போவேன். வலி நின்றுவிட்டது என்று யார் இறங்கினாலும், திரும்ப ஏற்றாமல் வீட்டுக்கு வரமாட்டேன்.

ஒருநாளும் உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடாத உங்கள் மனைவி,
கமலம்