மலையேறிய பேட்டரி

அக்கா,

நடந்ததை நடந்தபடியே உன் லேப்டாப்பிலேயே எழுதப் போகிறேன். எதையும் அழகாக்க மாட்டேன். அழுததைக் கூட்டியும் சொல்ல மாட்டேன், மறைக்கவும் மாட்டேன். நீ இறந்துவிட்டாய் என்றே எழுதுகிறேன். வீட்டில் யாரும் அந்தச் சொல்லைச் சொல்வதில்லை. “சாமிகிட்ட போயிட்டா” என்கிறார் நைனா. அம்மா அதையும் சொல்வதில்லை.

என் காலருகே உன் லேப்டாப்பின் சார்ஜர் கிடக்கிறது. சூடேறிய பிளாஸ்டிக்கும் தூசியும் கலந்த வாசனை வருகிறது. நீ படிக்கிற நேரங்களில் இந்த அறை முழுக்க இருக்குமே, அதே வாசனை. அதனால்தான் உன்னிடம் பேசத் தோன்றியது.

சாமி விளக்கு அணைந்துவிட்டால் அம்மா அதை அணைந்தது என்று சொல்ல மாட்டாள். மலையேறிவிட்டது என்பாள். சின்ன வயதில் நான் அதை அப்படியே நம்பினேன். நம் தெருவில் நின்றால் இந்தப் பக்கம் ராஜா கோட்டை மலை, அந்தப் பக்கம் ராணி கோட்டை மலை. விளக்கு எதில் ஏறிப் போனது என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. “எந்த மலைம்மா?” என்று கேட்டேனாம். நீ அதைப் பிடித்துக்கொண்டாய். டார்ச் லைட் நின்றாலும், நைனாவின் போன் அணைந்தாலும், ஊருக்கே கரண்ட் போனாலும், “மலையேறிடுச்சு!” என்று கத்துவாய். சமையலறையிலிருந்து அம்மா, “எந்த மலைடி?” என்பாள். “ராணி கோட்டைம்மா. ராஜா கோட்டை ஏறதுக்கு அதுக்குத் தெம்பு இல்ல.” நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வேன், நீங்கள் இரண்டு பேரும் சிரிப்பீர்கள்.

அதிகமாக மலையேறியது உன் லேப்டாப்தான். கல்லூரியில் சேர்ந்தபோது உன் சீனியர் அக்காவிடம் வாங்கிய பழையது. நூறு சதவீதம் என்று காட்டும். ஒயரைப் பிடுங்கிய கொஞ்ச நேரத்தில் அப்படியே படுத்துவிடும். “நூறுன்னு பொய் சொல்லுது பாரு, நம்ம பெரியப்பா மாதிரி” என்பாய். சார்ஜ் ஏறாத நாட்களில் நான் லேப்டாப்பைத் தட்டுவேன், பட்டனை அமுக்கிக்கொண்டே இருப்பேன். நீ என் கையைத் தள்ளிவிடுவாய்.

“சுவத்துலருந்து வாடி. மொதல்ல சுவரு, அப்புறம் ஒயரு, அப்புறம் சார்ஜரு. கடைசியாதான் அதும்மேல கைய வைக்கணும்.”

பிறகு பேட்டரியின் வயிறு உப்பி, அடிப்பக்க மூடி விலகத் தொடங்கியது. அன்று நீ விளையாடவில்லை. கழற்றித் தனியாக எடுத்துவைத்தாய். “இத குத்தாத, அமுக்காத. அடுப்பு பக்கமே கொண்டு போவாத. நெருப்பு புடிச்சிக்கும்” என்றாய். அதன் பிறகு உன் லேப்டாப் ஒயரில் மட்டும்தான் ஓடியது. பிளக் அசைந்தால்கூடப் போச்சு.

அந்தக் காய்ச்சல் வந்த வாரமும் நீ அதில்தான் படித்தாய். பிறகு விழுப்புரம் ஆஸ்பத்திரி. அதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை, உனக்கே தெரியும்.

காரியம் முடிந்ததும் நைனா வீட்டுக்கு வெள்ளையடித்தார். அம்மா மூலை முடுக்கெல்லாம் துடைத்தாள். அதற்குப் பிறகு அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை. உன் படத்துக்கு முன்னால் விளக்கு அணைந்தால், ஒன்றும் சொல்லாமல் மறுபடி ஏற்றிவிட்டுப் போகிறாள். போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் திடீரென்று என்னைக் கேட்டாள்:

“ஏன்டி, அவ கொரலு எங்கனா இருக்குதா?”

போனில் தேடினேன். நீ யாருக்கும் குரலாக எதையும் அனுப்பியதில்லை. எல்லாம் எழுத்து, இல்லாவிட்டால் சிரிக்கிற பொம்மை. அப்போதுதான் ஞாபகம் வந்தது. பரீட்சைக்காக வரலாற்றுப் பாடங்களைச் சத்தமாகப் படித்து லேப்டாப்பில் பதிவு செய்வாயே. “லேப்டாப்ல இருக்குதும்மா” என்றேன். அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

எடுத்து மாட்டினேன். சுவிட்சில் சிவப்பு விளக்கு எரிந்தது. லேப்டாப்பில் அசைவே இல்லை. பட்டனை அமுக்கிப் பிடித்தேன். விட்டு மறுபடி அமுக்கினேன். ஒன்றுமில்லை.

நைனா பார்த்துவிட்டு, “வுடு பாப்பா. காலைல மார்க்கெட் கமிட்டிக்கு நெல்லு மூட்டை ஏத்தப் போவும்போது ரிப்பேர் கடைல குடுத்துட்டுப் போறேன்” என்றார். பக்கத்து வீட்டு அத்தை வாசலிலிருந்தே, “கடைல குடுத்தா உள்ள இருக்கறத எல்லாம் அழிச்சிட்டுதான்யா குடுப்பான். என் தம்பி பையனுக்கு அப்டிதான் கல்யாண போட்டோ பூரா போச்சு” என்றார். அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையை என்னால் எழுத முடியவில்லை அக்கா.

சுவத்துலருந்து வாடி.

நான் லேப்டாப்பைக் கீழே வைத்தேன். அதே பிளக் பாயின்டில் நைனாவின் போனைப் போட்டேன். ஏறியது. அப்படியானால் சுவரில் கரண்ட் இருக்கிறது. உன் சார்ஜரை மறுபடி செருகினேன். அதன் பச்சை விளக்கு எரியவில்லை. சார்ஜர்தான் போய்விட்டது என்று நினைத்தபோது, பிளக் தன் கனத்திலேயே மெல்லத் தலை கவிழ்வதைப் பார்த்தேன். போர்டு சுத்தமாக இருந்தது. வெள்ளைவெளேரென்று, ஒரு தூசி இல்லாமல்.

“அம்மா, இங்க பிளக்குக்கு அடில டிக்கெட்டு சொருகி இருந்துச்சே?”

விழுப்புரம் பஸ் டிக்கெட்டுகளைச் சேர்த்து மடித்து, பிளக் சாயாமல் இருக்க நீ முட்டுக் கொடுத்திருந்தாய். கல்லூரி போய்வந்த டிக்கெட்டுகள்.

“குப்பைன்னு பெருக்கிட்டேனேடி...” அம்மாவின் கை வாய்க்குப் போயிற்று.

பிறகு எழுந்து, பீரோவிலிருந்து தன் மணிபர்ஸை எடுத்துவந்தாள். அதற்குள் பஸ் டிக்கெட்டுகள் இருந்தன. உன்னைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தவை. ஏன் தூக்கிப் போடாமல் வைத்திருந்தாள் என்று நான் கேட்கவில்லை. அவளே மடித்தாள். பெரிதாகிவிட்டது, பிரித்து மறுபடி மடித்தாள். பிளக்குக்கு அடியில் வைத்து விரலால் தள்ளினாள்.

பச்சை விளக்கு எரிந்தது.

லேப்டாப் மெதுவாக விழித்தது. இத்தனை நாள் கரண்ட் இல்லாமல் கிடந்ததால் மூலையில் காட்டிய தேதி தப்பு. ஏதோ பழைய வருடத்தில், நீ இன்னும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த ஒரு நாளில் அது நின்றிருந்தது. உன் பதிவுகளில் கடைசியாக இருந்ததைத் திறந்தேன். “குடவோலை முறை. கிராம சபைக்கு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்க...” என்று நீ ஆரம்பித்தாய். தொண்டை கட்டிய குரல். பின்னால் நம் குக்கர் விசில். வெளியே போய்த் திரும்பிய நைனா செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றுவிட்டார். அம்மா திரையைப் பார்க்கவில்லை. அந்த டிக்கெட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள், அது நழுவினால் நீ நின்றுபோவாய் என்பது போல.

பாடத்தின் நடுவில் நீ நிறுத்தினாய். “ஏய் பாப்பா, அந்த ஒயர மெதிக்காதடி! பிளக்கு ஆடுது பாரு. இரு, மொதல்ல இத நிறுத்திடறேன். அம்மா, மலையேறப் போவுதும்மா!”

அதோடு முடிந்தது.

அம்மா, “எந்த மலைடி?” என்றாள்.

சத்தமாக, சமையலறையிலிருந்து கேட்பது போலவே கேட்டாள். கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். நான் பதில் சொல்லியிருக்கலாம், ஆனால் அது உன் பதில். பிறகு அம்மா அழுதாள். நீ போனதிலிருந்து அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. அழுது முடித்து, முகம் கழுவி, சோறு போட்டுக்கொண்டாள்.

எல்லாப் பதிவுகளையும் பென் டிரைவில் ஏற்றிவிட்டேன். நைனா கடைக்கு எதையும் கொண்டுபோகவில்லை. தேதியைத் திருத்த எனக்கு மனமில்லை. அதில் நீ இருந்தாய். ஆனால் உண்மையாக எழுதுவேன் என்று சொல்லிவிட்டேனே, அதனால் இன்று திருத்தினேன். இன்றைய தேதி வந்தது. அது ஓடுகிறது.

இப்போதெல்லாம் எது நின்றுபோனாலும் நான் முதலில் அதைத் தட்டுவதில்லை. கணக்கு வராவிட்டாலும், அம்மா பேசாமல் இருந்தாலும், சுவரிலிருந்து வருகிறேன். எங்கே நழுவியிருக்கிறது என்று பார்க்கிறேன். சில நேரம் கிடைக்கிறது.

அம்மா பாய் விரித்துவிட்டாள். “போதும் எழுதுனது, கண்ணு கெட்டுடும்” என்கிறாள். பிளக்குக்கு அடியில் டிக்கெட் இருக்கிறதா என்று போகிற போக்கில் தொட்டுப் பார்த்தாள். பிறகு லைட்டை அணைத்துவிட்டாள்.