உடைந்தது வில்தகடு, உன் கவனமன்று

முப்பத்தோராம் நாள் வழிபாட்டுக்குக் கூடியிருக்கும் பெருமக்களே! வேன் கவிழ்ந்து மாண்டவன் மீதே பழியைச் சுமத்தி, "சாரதியின் கவனயீனம்" என்று விசாரணை அறிக்கையில் எழுதி முடித்துவிட்டார்கள். அந்தப் பொய்யை எதிர்த்து மாண்ட அந்த நண்பனுக்கே நான் எழுதிய மடலை உங்கள் முன் வாசிக்கிறேன்.

நண்பா, இன்று காலை அலுவிகாரையில் ஒரு கராஜைக் கடந்தேன். இரும்பைப் பற்றவைக்கும் நெடி மூக்கில் ஏறியது. உள்ளே நீ ஓட்டிய வேன் நின்றது. அதன் பின்புற வில்தகட்டுக்கு மறுபடியும் ஒட்டுப் போடுகிறார்கள். நாளை முதல் பல்லேபொலவிலிருந்து ஆடைத் தொழிற்சாலைப் பெண்களை ஏற்றப்போகிறார்களாம்.

முன்பொருநாள் அதே வேனின் அடியில் படுத்தபடி நீ எனக்குக் காட்டினாய்: ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கிய வளைந்த உருக்குத் தகடுகள். சக்கரம் பள்ளத்தில் விழும்போது அவை வளைந்து அடியை வாங்கிக்கொள்ளும். பக்கத்திலுள்ள அதிர்வடக்கி துள்ளலைத் தணிக்கும். மேல்தகட்டின் இரு முனைகளும் வண்டியின் சட்டத்தைப் பற்றியிருக்கும். "இந்த மெயின் பிளேட்தான் மச்சான் பின்சில்லு ரெண்டையும் நேரா புடிச்சிருக்கு. இது ஒடஞ்சா சில்லு அது இஷ்டத்துக்குப் போகும்" என்றாய்.

அதில் விரிசல் கண்ட அன்று வேன் முதலாளியிடம் மன்றாடினாய்.

"வெல்ட் பண்ணினா இரும்போட பதம் போயி மறுபடி ஒடஞ்சிருங்க முதலாளி. புதுசு போடுங்க."

"ஆமா, பெரிய இன்ஜினியரு! ஒட்டிட்டு, கூட இன்னொரு பிளேட் போட்டா யானையையே ஏத்தலாம். போப்பா."

அருகில் நான் நின்றேன். நான்கு மணிக்கு என் கூட்டம்; கேட்போரை நீதான் ஏற்றிவர வேண்டும். முதலாளியோடு சேர்ந்து நானும் சிரித்தேன்.

"மேடைல மட்டுந்தான் பேசுவியா மச்சான்? இங்கயும் ரெண்டு வார்த்த பேசேன்" என்றாய். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்.

அன்றே ஒட்டிய தகட்டோடு ஏற்றிவந்த ஆட்களை இறக்கிவிட்டுத் தனியே திரும்பினாய். என் கூட்டத்தின் பாரம் அந்த ஒட்டை ஏற்கெனவே தளர்த்தியிருந்தது. இறக்கத்தில் அது முறிந்தது. பின்சக்கரங்கள் கோணிக்கொண்டு வண்டியைப் பள்ளத்துக்குள் தள்ளின. விசாரணையில் என்னை எவரும் கேட்கவில்லை. நானாகவும் சொல்லவில்லை. ஊரூராய் அநீதிக்கு எதிராய் முழங்கிய வாய் இது! அன்றைய சிரிப்பை இன்றும் சுமக்கிறேன், நண்பா. எந்தக் கைதட்டலும் அதை இறக்கிவைக்கவில்லை.

மடல் முடிந்தது. முன்வரிசையில் அமர்ந்திருக்கும் முதலாளி அவர்களே, எழுந்திருங்கள். புதுத் தகடு பூட்டும்வரை அந்த வேன் ஓர் அடி நகரக் கூடாது. பொலிஸ் நிலையத்துக்கு இப்போதே என்னோடு வாருங்கள். விரிசல் முன்பே தெரியும் என்று நான் சொல்கிறேன், நீங்களும் சொல்லுங்கள்.