பத்துக்கு இரண்டு என்று சொன்ன இருமல்

என் அருமை மாப்பிள்ளை அந்தோணிக்கு,

அங்கேயாவது வாய்விட்டு இருமுகிறாயா? இல்லை, துண்டால் வாயை அமுக்கிக்கொண்டு, "ஒண்ணுமில்லீங்க" என்று மோட்சத்துச் சம்மனசுகளிடமும் புளுகுகிறாயா? உன்னை நான் நம்பமாட்டேனடா.

நேற்று உன் தங்கச்சி ஸ்டெல்லாவை விழுப்புரத்துக்கு டாக்டரிடம் கூட்டிப்போனேன். உன்னைக் கொண்டுபோன அதே பிறவி வியாதிதானே அவளுக்கும். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ்! பேரைச் சொல்லவே தனியாக மூச்சுப் பிடிக்கவேண்டும். நெஞ்சுச் சளி பசையாய் ஒட்டிக்கொள்கிறது. திண்டிவனம் தாண்டுவதற்குள் பஸ்ஸில் அப்படி இருமினாள். பக்கத்து சீட்டு அம்மா எழுந்து நின்றுகொண்டது. ஒட்டுகிற வியாதி இல்லை என்றால் யார் கேட்கிறார்கள்?

"பாத்தியா, ரெண்டு சீட்டும் ஒனக்குத்தான். ராணி மாதிரி குந்திக்கினு வா" என்றேன். சிரிக்கப்போய் இன்னும் இருமினாள்.

டாக்டர் கேட்டார். "ரெண்டு வாரமா இருமல் எவ்ளோ தொந்தரவு பண்ணுது? தூக்கம் கெடுதா? நாலு பேர் நடுவுல கூச்சமா இருக்கா? பத்துக்கு எவ்ளோன்னு சொல்லும்மா."

"ரெண்டு சார். நல்லாத்தான் இருக்கேன்."

எனக்கு உன்மேல்தான் சந்தேகம் வந்தது. இதே டாக்டரிடம் நீ சொன்ன அதே இரண்டு, அதே இளிப்பு. சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனாயா?

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன். "இன்னாமே ரெண்டு? படுத்தா இருமல்னு சொவுத்துல சாஞ்சிக்கினே தூங்கறவ நீ. பூசை நேரத்துல கோயிலுக்கு வெளிய நிக்கறவ நீ. யாரை ஏமாத்தற?"

"எவ்ளோ அக்கறையா பாக்கறாரு மாமா. ஒங்க மருந்து கேக்கலன்னு அவரு மூஞ்சிக்கு நேரா எப்பிடி சொல்றது? பாவம், மனசு ஒடஞ்சிடுவாரு."

அடப் பாவிகளா! நீயும் இதற்குத்தானா? அந்த மனுஷனும் உன் இரண்டை நம்பி, அதே மருந்தையே கொடுத்துக்கொண்டிருந்தாரா?

அவளைத் திரும்ப உள்ளே தள்ளிக்கொண்டு போனேன். "சார், இது மரியாதைக்குப் பொய் சொல்லுது. கோச்சிக்க மாட்டேன்னு மொதல்ல நீங்க சொல்லுங்க. அப்பறம் கேளுங்க."

டாக்டர் சிரிக்கவில்லை. "நீ சொன்னாத்தாம்மா நான் மருந்தை மாத்தமுடியும்" என்றார்.

ஸ்டெல்லா தலையைக் குனிந்துகொண்டாள். "ஒம்பது சார்." கூடவே, "மன்னிச்சிடுங்க சார்" என்றாள்.

மருந்தை மாற்றியிருக்கிறார். எனக்கு அந்த ஒன்பது மேலேயும் சந்தேகம்தான். மரியாதைக்கு ஒன்றைக் குறைத்திருப்பாள். இனி ஒவ்வொரு தடவையும் அவள் பக்கத்து நாற்காலியில் நான் உட்காருவேன். உன்னிடம் அவளை இப்போதைக்கு அனுப்புவதாக இல்லை, மாப்பிள்ளை.

உன்னை இன்னமும் நம்பாத,
தாய்மாமன் சூசை