கமராவில் ஒட்டிய பிளாஸ்டர்

அக்கா, இதில் ஒன்றையும் மறைக்காமல், நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். நீங்கள் எங்களை விட்டுப்போய் ஒரு வருடமாகியும் உங்களிடம் சொல்லாத ஒன்று எனக்குள் இருக்கிறது.

இன்று உங்கள் அம்மா, என் பெரியம்மா, உங்கள் ஃபோனை என்னிடம் தந்தார். நாளை காலை எனக்கு ஆங்கிலப் பேச்சுப் போட்டி. ஸூமில் பேச வேண்டும். வாசிகசாலையில் இருந்துகொண்டு ஃபோனைப் பார்க்கிறேன். முன்பக்கக் கமராவின் மேல் நீங்கள் ஒட்டிய பிளாஸ்டர் துண்டு அப்படியே இருக்கிறது.

ஸூமில் நடந்த பல்கலைக்கழக முதல் வருடம் முழுவதும் தேற்றாத்தீவு வாவிக்கரைதான் உங்கள் வகுப்பறை. வீட்டுக்குள் சிக்னல் இல்லை. கவிழ்த்து வைத்த தோணியில் நீங்கள் இருப்பீர்கள். நான் குடை பிடிப்பேன். பின்னால் தகரக் கொட்டிலும் காய்கிற வலையும் தெரியும் என்றுதான் கமராவை மூடினீர்கள். மைக்கும் எப்போதும் மூடியே இருக்கும். "பிழையா இங்கிலிஷ் கதைச்சா சிரிப்பாங்க புள்ள" என்பீர்கள்.

ஒருநாள் விரிவுரையாளர் உங்கள் பெயரைக் கூப்பிட்டார். மைக்கைத் திறந்து இரண்டு வசனம் பேசியிருப்பீர்கள். மீன்கார மாமா ஹோர்ன் அடித்துக்கொண்டு வந்தார். அம்மா என்னிடம் இறால் வாங்கச் சொல்லியிருந்தார். அவர் நிற்காமல் போகப் பார்க்க, "மாமா! இறால் இருக்கா?" என்று கத்தினேன். ஃபோனுக்குள் ஒரே சிரிப்பு. "எனக்கும் அரைக் கிலோ!" என்றான் ஒருவன். நீங்கள் வகுப்பை விட்டே வெளியேறினீர்கள்.

அதன்பின் இரண்டு வாரம் தோணியில் சும்மாதான் இருந்தீர்கள். வீட்டில் கேட்டால், "ஓம், வகுப்பு நடக்குது." எனக்கு மட்டும் தெரியும். "எனக்கு இது ஏலாது. விட்டிடப் போறன்" என்றீர்கள். ஒவ்வொருவரும் ஆங்கிலத்தில் பேசிக் காட்டும் பிரசன்டேசன் வரவிருந்தது; அதற்குப் போகாவிட்டால் அந்தப் பாடத்தை அடுத்த வருடம் திரும்பவும் படிக்க வேண்டும்.

அந்த நாளும் வந்தது. ஃபோனை நான்தான் பிடித்தேன். முகம் காட்டியே ஆக வேண்டும் என்றதால் பிளாஸ்டரை உரித்தீர்கள். பாதியில் அதே ஹோர்ன்! மீன்காரர் வந்திருக்கிறார், ஒரு நிமிடம் பொறுங்கள் என்று நீங்கள் ஆங்கிலத்தில் சொன்னீர்கள். சத்தம் தூரப் போனதும், விட்ட வசனத்திலிருந்தே தொடங்கினீர்கள்.

"பயம் போகல்ல புள்ள. பயத்தோடயே கதைச்சு முடிச்சிட்டன்" என்று சொல்லிக்கொண்டே பிளாஸ்டரைத் திரும்ப ஒட்டினீர்கள்.

அடுத்த மாதம் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குப் போன நீங்கள் திரும்பி வரவில்லை. அந்தப் பாடத்தில் நீங்கள் சித்தியடைந்த செய்தி இந்த ஃபோனுக்குத்தான் வந்தது. பெரியம்மாவுக்கு நான்தான் வாசித்துக் காட்டினேன்.

இனி அந்த உண்மை. இறால் கேட்டுக் கத்திய அன்று, மைக் திறந்திருந்தது தெரியாது என்று உங்களிடம் சத்தியம் செய்தேன். தெரியும் அக்கா. மைக்கை மூடினால் வரும் சிவப்புக் கோடு திரையில் இல்லாததைக் கண்டேன். மாமா போய்விடுவாரே என்ற அவசரத்தில் உங்கள் குரலைவிட இறால் எனக்குப் பெரிதாகிவிட்டது.

நாளை எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்று பயமாக இருக்கிறது. சிரித்தால், நிறுத்திய இடத்திலிருந்து தொடங்க வேண்டும். அது மட்டும் எனக்குத் தெரியும்.

பிளாஸ்டரை உரித்து ஃபோனின் பின்பக்கம் ஒட்டிவிட்டேன். பேசி முடிந்ததும் தேவைப்படலாம்.

"புள்ள, பூட்டப் போறன். எழும்புகா" என்கிறார் நூலகர். இந்த வரியை யன்னல் வெளிச்சத்தில்தான் எழுதுகிறேன். விளக்குகளை அணைத்துவிட்டார்.